கெட்ட சேதி எத்தனை நாளில் வந்து சேருகிறது? வேலையிடத்துச் சண்டைகளைக் கையாள ஒரு முழு வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் சாம்பல் நிற டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. உடம்புத் துணியும் கழுத்துப் பட்டைக்கான ரிப் துணியும் ஒரே ஷேடில் இருக்க வேண்டும். ரிப் வேறு லாட்டில் சாயம் ஏறி வந்திருந்தது. லேசாக நீலம் அடித்தது. கட்டிங் மாஸ்டர் அதைச் செவ்வாய்க்கிழமை காலையிலேயே பார்த்துவிட்டார். எனக்குத் தெரிந்தது சனிக்கிழமை சாயங்காலம், பாதிக்கு மேல் தைத்து முடிந்த பிறகு. தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டிய சரக்கு விமானத்தில் போனது. செலவு கம்பெனி தலையில்.

"செவ்வாய்க்கிழமையே பார்த்துட்டு ஏன் மாஸ்டர் சொல்லலை?" என்று கேட்டேன்.

"போன தடவை சொன்னப்ப என்ன பேசுனீங்கன்னு ஞாபகம் இருக்குதுங்களா?" என்றார்.

எனக்கு ஞாபகம் இல்லை. அவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் இருந்தது.

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனிகளில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு போகும் வரை பின்தொடர்பவர்) தொடங்கி, இப்போது ஒரு குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். ஆர்டர் தரும் பையருக்கும் தையல் நடக்கும் பவர் டேபிளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதுதான் எங்கள் தொழில். அந்த நான்கு நாளுக்குப் பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. ஒரு வேலையிடத்தின் பேச்சுச் சூழல் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய சர்வே எதுவும் வேண்டாம். ஒருவருக்குத் தெரிந்த கெட்ட சேதி, அது தெரிய வேண்டியவருக்கு எத்தனை நாளில் போய்ச் சேர்கிறது என்று எண்ணினால் போதும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த நாட்களைக் குறைப்பதைப் பற்றித்தான். உதாரணங்கள் எங்கள் ஊர்த் தொழிலிலிருந்து வந்தாலும், மருத்துவமனை, வங்கி, ஐ.டி. ஆபீஸ் எங்கும் ஆட்களை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

படி 1: ஒரு வாரம் பேசாமல் கவனியுங்கள்

எதையும் சரிசெய்யக் கிளம்பும் முன் ஒரு வாரம் சும்மா பாருங்கள். ஒரு சின்ன நோட்டு போதும்.

மீட்டிங்கில் "ஓகே சார்" என்று தலையாட்டியவர்கள் பத்து நிமிடம் கழித்து டீக்கடையில் என்ன பேசுகிறார்கள்? அந்த இரண்டு பேச்சுக்கும் எவ்வளவு தூரம்? தப்பு வெளியே வந்ததும் முதல் கேள்வி "யாரு பண்ணது?" என்று வருகிறதா, "எப்படி ஆச்சு?" என்று வருகிறதா? பக்கத்து மேஜைக்காரருக்கு அனுப்பும் மெயிலில் முதலாளியை சிசி-யில் போடும் பழக்கம் உண்டா? வாட்ஸ்அப் குழுவில் "சிலர் நேரத்துக்கு வேலையை முடிப்பதில்லை" என்று பெயர் சொல்லாத செய்திகள் விழுகின்றனவா? அந்தச் "சிலர்" யாரென்று எல்லோருக்கும் தெரியும். எழுதியவர் மட்டும் தெரியாத மாதிரி இருப்பார்.

நான் வேலை பார்த்த ஒரு யூனிட்டில் புகார்ப் பெட்டிக்கு நேர் மேலே சிசிடிவி கேமரா. வருடம் முழுக்கப் பெட்டி காலியாகவே இருந்தது. "எங்க யூனிட்ல புகாரே இல்லீங்க" என்று ஆடிட்டுக்கு வந்தவரிடம் பெருமையாகச் சொன்னார்கள்.

இதை 1961-லேயே ஒருவர் வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறார். ஜாக் கிப் என்ற அமெரிக்க உளவியலாளர், எட்டு வருடக் காலம் பல இடங்களில் நடந்த கலந்துரையாடல்களின் பதிவுகளை வைத்து, எந்த மாதிரிப் பேச்சு எதிராளியைக் கேடயம் தூக்க வைக்கிறது என்று பார்த்தார். தீர்ப்புச் சொல்லும் பேச்சு, அடக்கப் பார்க்கும் பேச்சு, உள்ளே ஒன்று வைத்து வெளியே ஒன்று பேசுவது, "உன் கஷ்டம் எனக்கென்ன" என்கிற ஒட்டாத தொனி, மேட்டிமை, தனக்கு எல்லாம் தெரியும் என்கிற நிச்சயம் என ஆறு. ஒவ்வொன்றுக்கும் மாற்றையும் சொன்னார்: நடந்ததை அப்படியே சொல்வது, பிரச்சினையைச் சேர்ந்து பார்ப்பது, மறைக்காமல் பேசுவது, அடுத்தவர் நிலையை உணர்வது, சமமாக நடத்துவது, "நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம்" என்று இடம் விடுவது.

ஆறையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உங்கள் இடத்தில் எது அதிகம் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் தொழிலில் மேட்டிமையும், எல்லாம் தெரியும் என்கிற நிச்சயமும்தான். "நான் இருபது வருஷமா இந்த ஃபீல்டுல இருக்கேன்" என்று ஒருவர் தொடங்கினால், அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் புதிதாக ஒன்றும் சொல்வதில்லை.

படி 2: இது என்ன வகை என்று பிரியுங்கள்

எல்லா உரசலும் ஒரே மாதிரி இல்லை. கேரன் ஜென் என்ற ஆய்வாளர் 1995-ல் வேலை பற்றிய முரணையும் ஆள் பற்றிய முரணையும் பிரித்துக் காட்டினார். இந்தத் துணியை 180 ஜிஎஸ்எம்மில் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) ஓட்டலாமா, 170 போதுமா என்பது முதல் வகை. "அந்தாளு மூஞ்சியே பிடிக்கலை" என்பது இரண்டாவது. மூன்றாவதாக ஒன்று உண்டு, எங்கள் ஊரில் இதுதான் அதிகம்: யார் எதை எப்போது செய்ய வேண்டும் என்று தெளிவில்லாததால் வருவது. ட்ரிம்ஸ் (பட்டன், லேபிள் மாதிரிச் சாமான்) வரவில்லை என்று தையல் பக்கம் கத்தும்; வந்து ஸ்டோரில் இரண்டு நாளாகக் கிடக்கிறது என்று ஸ்டோர் கத்தும்; வந்ததைச் சொல்வது யார் வேலை என்று யாருமே எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

வேலை பற்றிய வாதம் நல்லது, அது குழுவைக் கூர்மையாக்கும் என்று மேலாண்மை வகுப்புகளில் சொல்லித் தருவார்கள். அப்படியே நம்ப வேண்டாம். டி ட்ரூ, வைன்கார்ட் என்ற இருவர் 2003-ல் அதுவரை வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இரண்டு வகை முரணுமே குழுவின் செயல்திறனைக் குறைப்பதோடுதான் சேர்ந்து வந்தன. என் அனுபவமும் அதுதான். ஜிஎஸ்எம் பற்றித் தொடங்கிய பேச்சு மூன்றாவது வாக்கியத்திலேயே "உங்களுக்கு எப்பவுமே இப்படித்தான்" என்று தடம் மாறிவிடும். மாறும் அந்த இடத்தைக் கண்டுபிடித்து நிறுத்துவதுதான் திறமை.

இந்தப் படியிலேயே பிரித்தெடுக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. சில விஷயங்கள் சண்டையே அல்ல. அங்கே "ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்க" என்று சொல்வதே தப்பு.

பாலியல் சீண்டல் என்றால் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும். மூத்த பெண் ஊழியர் ஒருவர் தலைமை, உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியாள் ஒருவர். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான இடமென்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். முக்கியமானது இது: சமாதானம் என்ற பேச்சைப் புகார் தந்த பெண் கேட்டால்தான் எடுக்கலாம். அப்போதும் பணம் கொடுத்து முடிப்பது சமாதானத்துக்கு அடிப்படை ஆகக் கூடாது. "பெரிசு பண்ணாதம்மா, அவரைக் கூப்பிட்டுக் கண்டிச்சிடறேன்" என்று சொல்லும் மேனேஜர் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்.

சாதியைச் சொல்லி இழிவாகப் பேசுவதும் இப்படித்தான். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ மற்றவர் பார்க்கும் இடத்தில் அப்படிப் பேசுவது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். கருத்து வேறுபாடு என்ற தலைப்பில் அதைக் கொண்டுவரவே கூடாது. சம்பளம், பிடித்தம், ஓவர்டைம் போன்ற குறைகளுக்கு 20 பேரும் அதற்கு மேலும் உள்ள தொழிலகங்களில் குறைதீர்ப்புக் குழு வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உங்கள் யூனிட்டில் அது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் சுவரில் ஒட்டிய பெயர்ப் பட்டியல் இருக்கும், அதில் உள்ளவர்களுக்கே அது தெரியாது.

இவை எதுவும் இல்லை, சாதாரண உரசல்தான் என்றால் அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 3: உங்கள் வழக்கம் என்ன?

கென்னத் தாமஸும் ரால்ஃப் கில்மனும் 1974-ல் கொண்டுவந்த வரிசை ஒன்று மனிதவளப் பயிற்சிகளில் இன்றும் ஓடுகிறது. மோதுவது, விட்டுக்கொடுப்பது, ஒதுங்குவது, ஆளுக்குப் பாதி என்று முடிப்பது, சேர்ந்து வழி கண்டுபிடிப்பது என ஐந்து. கடைசியானதுதான் சிறந்தது என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாவற்றுக்கும் அது தேவையில்லை, நேரமும் இல்லை. பாய்லர் பக்கம் சிகரெட் பிடிப்பவரிடம் சேர்ந்து வழி கண்டுபிடிக்கக் கூடாது, உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும். ஃபேன் யார் பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் போகலாம்.

நான் பார்த்தவரை நம் ஊரில் அதிகம் ஒதுங்குவதுதான். அதற்குப் பொறுமை, மரியாதை, "நமக்கெதுக்கு வம்பு" என்று நல்ல பெயர்கள் வைத்திருக்கிறோம். ஆனால் ஒதுங்கியவர் உண்மையில் ஒதுங்குவதில்லை. சம்பந்தப்பட்டவரைத் தவிர மற்ற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். அதனால் உங்களை நீங்களே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்த விஷயத்தை நான் இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், அதில் அவர் ஒருவரா? மூன்று பேரிடம் சொல்லி அவரிடம் சொல்லவில்லை என்றால் ஒதுங்குகிற காலம் முடிந்தது. பேசியாக வேண்டும்.

படி 4: நடந்ததையும் கதையையும் பிரித்து எழுதுங்கள்

பேசும் முன் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம், கேமரா வைத்திருந்தால் பதிவாகியிருக்கக்கூடியது மட்டும். வலது பக்கம், அதை வைத்து உங்கள் மனம் கட்டிய கதை.

இடது: "புதன் மதியம் 3 மணிக்கு சாம்பிள் கேட்டேன். வியாழன் காலை 11 மணிக்கு வந்தது. நடுவில் இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை."

வலது: "வேண்டுமென்றே இழுக்கிறார். நான் பெண் என்பதால் மதிப்பதில்லை. போன மாதம் அவர் தப்பை முதலாளியிடம் சொன்னதற்குப் பழி வாங்குகிறார்."

வலது பக்கம் பொய் என்று சொல்லவில்லை. சில நேரம் அதுதான் உண்மையாகவும் இருக்கும். ஆனால் பேச்சை இடது பக்கத்திலிருந்துதான் தொடங்க முடியும், ஏனென்றால் அதை யாரும் மறுக்க முடியாது. வலது பக்கத்தில் தொடங்கினால் அவர் தன் தாளின் வலது பக்கத்தை எடுப்பார். அப்புறம் இரண்டு கதைகள் சண்டை போடும், சாம்பிள் எங்கேயோ கிடக்கும்.

தாளில் கடைசியாக ஒரு வரி: இந்தப் பேச்சு முடியும்போது எனக்கு என்ன வேண்டும்? "அவர் தப்பை ஒத்துக்கணும்" என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு மறுபடி யோசியுங்கள். "போன் எடுக்க முடியாவிட்டால் ஒரு மெசேஜ்" என்பது கிடைக்கக்கூடிய விஷயம்.

படி 5: எங்கே, எப்போது, எதில்

லைனில் முப்பது பேர் முன்னால் வேண்டாம். நம் ஊரில் நாலு பேர் முன்னால் போன மானத்தைத் தனியறையில் திருப்பித் தர முடியாது. ஷிப்மென்ட் அன்றைக்கும் வேண்டாம். பசி நேரம் வேண்டாம். சம்பவம் நடந்த சூட்டிலும் வேண்டாம், ஆனால் இரண்டு நாளைத் தாண்டவும் விடாதீர்கள். ஆறவிடுகிறேன் என்று தள்ளிப்போட்டால் பெரும்பாலும் உறைந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் கண்டிப்பாக வேண்டாம். 2005-ல் ஜஸ்டின் க்ரூகர் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். கிண்டலா, நிஜமா என்பதை மெயிலில் படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார் என்று எழுதியவர்கள் நம்பியது சுமார் 78 சதவீதம். படித்தவர்கள் சரியாகச் சொன்னது சுமார் 56 சதவீதம். கிட்டத்தட்ட காசு சுண்டிப் போடுவதுதான். குரலில் கேட்டவர்கள் அதைவிட நன்றாகவே கண்டுபிடித்தார்கள். எழுதும்போது நம் குரல் நம் காதில் ஓடிக்கொண்டே இருக்கிறது; அடுத்தவருக்கு எழுத்து மட்டும்தான் போகிறது. எங்கள் குழுவில் "ஓகே" என்பதற்கும் "ஓகே." என்பதற்கும் நடுவே ஒரு புள்ளி வைத்த சண்டை மூன்று நாள் ஓடியது. அனுப்பியவருக்கு அந்தப் புள்ளி தானாக விழுந்ததே தெரியாது.

எழுத்தில் நேரம் கேட்கலாம். விஷயத்தை நேரில் பேசுங்கள். முடியாவிட்டால் போன்.

படி 6: பேச்சு

இதுதான் நடுநாயகம். ஒரு பேச்சை அப்படியே தருகிறேன். இளம் மெர்ச்சண்டைசர் ஒரு பெண், இருபது வயது மூத்த புரொடக்ஷன் மேனேஜர். முந்தின நாள் பேக்கிங் லிஸ்ட் (எந்தக் கார்ட்டனில் எந்த சைஸ் எத்தனை என்ற பட்டியல்) தாமதம். அந்தப் பெண் வாட்ஸ்அப் குழுவில் எல்லோர் முன்னாலும் கேள்வி போட்டுவிட்டார்.

"அண்ணா, ஒரு பத்து நிமிஷம் இருக்குங்களா? நேத்து பேக்கிங் லிஸ்ட் விஷயம் பேசணும்."

"அதான் குரூப்ல ஊருக்கே தெரியற மாதிரி போட்டுட்டீங்களே. இன்னும் என்ன?"

"ஆமாங்கண்ணா. குரூப்ல போட்டது தப்புதான். உங்களுக்கு போன் பண்ணியிருக்கணும்."

மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியைக் காட்டினார்.

"பையர் ஆறு மணிக்கு லிஸ்ட் கேட்டிருந்தாங்க. எனக்கு வந்தப்ப எட்டரை. அதுக்குள்ள ரெண்டு மெயில் போட்டுட்டாங்க, நான் பதறிட்டேன். உங்க பக்கம் என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியலை, சொல்லுங்க."

"என்ன நடந்துச்சா? மத்தியானம் சைஸ் ரேஷியோ மாத்தி மெயில் போட்டது யாரு? கட்டி டேப் ஒட்டுன கார்ட்டனை எல்லாம் பிரிச்சு மறுபடி கட்டுனோம். எட்டரைக்கு முடிஞ்சதே பெருசு."

"அய்யோ. ரேஷியோ மாத்துனா கட்டுனதைப் பிரிக்கணும்னு எனக்குத் தோணவே இல்லீங்கண்ணா. எத்தனை கார்ட்டன்?"

"நூத்தி நாப்பது."

இந்த இடத்தில் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். சிரிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பேச்சு கார்ட்டனைப் பற்றியதாக மாறியது.

என்ன நடந்தது என்று பிரித்துப் பாருங்கள். அந்தப் பெண் தன் பங்குத் தப்பை முதலில், "ஆனா" போடாமல் ஒத்துக்கொண்டார். "குரூப்ல போட்டது தப்புதான், ஆனா நீங்களும்..." என்று போயிருந்தால் மன்னிப்பு அங்கேயே செத்திருக்கும். நேரத்தைச் சொன்னார், பெயரடை சொல்லவில்லை. "லேட் பண்ணிட்டீங்க" என்பதற்கும் "எனக்கு வந்தப்ப எட்டரை" என்பதற்கும் இடையே இருப்பதுதான் கிப் சொன்ன தீர்ப்புக்கும் விவரிப்புக்குமான வித்தியாசம். தன் பதற்றத்தை மறைக்கவில்லை. முக்கியமாக, "உங்க பக்கம் என்ன நடந்துச்சு" என்று உண்மையாகவே தெரியாமல் கேட்டார். தெரிந்துகொண்டே மடக்குவதற்காகக் கேட்கும் கேள்வியை எதிரே இருப்பவர் வாசலிலேயே மோப்பம் பிடித்துவிடுவார்.

மேனேஜர் தரப்பிலும் ஒன்று உண்டு. அவர் கோபத்தில்தான் பதில் சொன்னார். ஆனால் அந்தக் கோபத்துக்குள் ஒரு தகவல் இருந்தது: 140 கார்ட்டன். எதிரே இருப்பவர் கத்தும்போது சத்தத்தை விட்டுவிட்டுத் தகவலை மட்டும் பொறுக்கி எடுங்கள். பெரும்பாலும் ஒன்று இருக்கும். கிடைத்ததும் அதைப் பற்றியே ஒரு கேள்வி கேளுங்கள்.

கேட்டதை உங்கள் வார்த்தையில் ஒருமுறை திருப்பிச் சொல்வதும் நல்லது. "அப்ப மத்தியானத்துக்கு மேல மாத்துனாதான் சிக்கல், காலையில மாத்துனா பரவாயில்லை, சரிங்களா?" இதில் பாதி நேரம் திருத்தம் வரும். வரட்டும்.

படி 7: ஜன்னலைத் தேடுங்கள்

மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1925-ல் சொன்ன ஒரு சின்னச் சம்பவம் இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. ஹார்வர்டு நூலகத்தின் சிறிய அறை ஒன்றில் ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஃபாலெட்டுக்கு மூடியிருக்க வேண்டும். ஆள் இல்லாத பக்கத்து அறையின் ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். அந்த ஆளுக்கு வேண்டியது காற்று. ஃபாலெட்டுக்கு வேண்டாதது வாடைக்காற்று நேராக மேலே அடிப்பது. பாதி ஜன்னலைத் திறந்திருந்தால் இரண்டு பேருக்கும் திருப்தி இருந்திருக்காது.

நம் ஆட்கள் நேராகப் பாதி ஜன்னலுக்குத்தான் போவார்கள். பேக்கிங் லிஸ்ட் விஷயத்திலும் ஆறுக்கும் எட்டரைக்கும் நடுவே "சரி, ஏழே கால்" என்று முடித்துவிடுவார்கள். அடுத்த வாரம் ஏழே காலும் தவறும். மெர்ச்சண்டைசர், மேனேஜர் இருவருக்கும் உண்மையில் என்ன தேவை? அந்தப் பெண்ணுக்கு, பையர் கேட்கும்போது சொல்ல ஒரு பதில். மேனேஜருக்கு, கட்டிய கார்ட்டனைப் பிரிக்காமல் இருப்பது. இப்படிப் பார்த்ததும் வழி தானாக வந்தது. மதியம் 12 மணிக்கு மேல் எந்த மாற்றம் வந்தாலும் மெயில் போடும் முன் போன். பிரித்துக் கட்டுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று மேனேஜர் அப்போதே சொல்லிவிடுவார். அந்த நேரத்தை அந்தப் பெண் பையரிடம் வாங்கிக்கொள்வார். ஆறு மணி என்பது கல்லில் எழுதியதா என்று அதுவரை யாரும் பையரைக் கேட்டதே இல்லை. கேட்டபோது, மறுநாள் காலை வந்தாலும் போதும் என்றார்கள்.

படி 8: இரண்டு வரி எழுதிவிடுங்கள்

பேசியதும் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மெசேஜ். "நன்றிங்கண்ணா. 12 மணிக்கு மேல மாத்தம்னா போன் பண்ணிடறேன், நீங்க டைம் சொல்லுங்க." அவ்வளவுதான். சிசி வேண்டாம். பேசி முடித்ததை மறுபடி வழக்கு மாதிரி எழுதவும் வேண்டாம். டி.என்.ஏ ஷீட்டில் (ரத்தத்தில் இருக்கும் டி.என்.ஏ இல்லை, எந்த வேலை எந்தத் தேதியில் என்று நாங்கள் போடும் அட்டவணை) ஒரு வரி சேர்த்தால் அடுத்து வரும் ஆளுக்கும் உதவும். முறை மாறாமல் மனம் மட்டும் சமாதானமானால் அதே சண்டை அடுத்த சீசனில் வரும், ஆட்கள் மட்டும் வேறாக இருப்பார்கள்.

படி 9: எதிரே இருப்பவர் முதலாளி என்றால்

மேலே சொன்ன எல்லாம் ஓரளவு சமமான இருவருக்கு. குடும்பக் கம்பெனியில் எதிரே முதலாளியோ, அவர் மகனோ, மச்சானோ உட்கார்ந்திருந்தால் கணக்கு வேறு. "உண்மையைத் தைரியமாகச் சொல்லுங்கள்" என்று எழுதுகிறவர்கள் உங்கள் வீட்டு வாடகையைக் கட்ட மாட்டார்கள், நீங்கள்தான் கட்ட வேண்டும்.

எனக்கு உதவிய சில வழிகள் மட்டும் சொல்கிறேன். தனியாகச் சொல்வது. முடிவு எடுக்கும் முன் சொல்வது. எடுத்த பிறகு சொன்னால் அது எதிர்ப்பாகத்தான் கேட்கும். சரி, தப்பு என்று பேசாமல் பணமும் தேதியும் பேசுவது. "அது முடியாதுங்க சார்" என்பதைவிட, "செய்யலாங்க சார். ஞாயித்துக்கிழமை ரெண்டு ஷிப்ட் போடணும், இல்லைன்னா அந்த இன்னொரு ஆர்டர் அஞ்சு நாள் தள்ளும். எது வேணும்னு சொல்லுங்க" என்பது கேட்கப்படும். அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், "நீங்க சொன்னபடியே செய்யறேங்க சார். இந்த ரிஸ்க் இருக்குன்னு சொல்லிட்டு செய்யறேன்" என்று சொல்லிவிட்டு, அதையே பணிவாக ஒரு மெயிலாகவும் போட்டுவிடுங்கள். அந்த மெயிலை நாளைக்கு யார் முகத்திலும் காட்டும் நோக்கத்தோடு எழுதாதீர்கள். வார்த்தையில் தெரிந்துவிடும்.

எல்லோர் முன்னாலும் தினமும் கேவலப்படுத்துகிறவர், மூன்று முறை தனியாகச் சொல்லியும் மாறவில்லை என்றால், இந்த வழிகாட்டியில் அதற்கு மருந்து இல்லை. வேறு வேலை தேடுவதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள்.

படி 10: இரண்டு பேர் சண்டையோடு உங்களிடம் வந்தால்

நீங்கள் மேலே இருப்பவர் என்றால் இரண்டு பழக்கங்களை விட வேண்டும். ஒன்று தபால்காரர் வேலை: "அவர் இப்படிச் சொல்றாரு, நீ என்ன சொல்ற?" என்று மாற்றி மாற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பது. இன்னொன்று நாட்டாமை வேலை. ஒருவர் மட்டும் வந்து புகார் சொன்னால் என் முதல் கேள்வி எப்போதும், "அவர்கிட்ட சொன்னீங்களா?" இல்லை என்றால் எப்படிச் சொல்வது என்று கற்றுத்தந்து அனுப்புவேன். சொல்லியும் நடக்கவில்லை என்றால் இருவரையும் ஒன்றாக உட்கார வைப்பேன். ஒருவர் பேசி முடிக்கும் வரை மற்றவர் குறுக்கிடக் கூடாது. முடித்ததும், அவர் சொன்னதை இவர் சொல்ல வேண்டும். இந்த ஒரு விதி போதும்.

தையல் லைனில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குள்ளோ சூப்பர்வைசரோடோ தகராறு என்றால் மொழிபெயர்க்க ஒருவர் வேண்டும். அந்த ஆள் அவர்களைக் கூட்டி வந்த கான்ட்ராக்டராக இருக்கக் கூடாது. பாதிப் புகார் அவர் மேலேயே இருக்கும், அது தமிழில் வரவே வராது.

அப்புறம், தப்பைச் சொன்னவருக்கு நீங்கள் காட்டும் முதல் முகம். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தபோது, நல்ல நர்ஸ் குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான பிழைகள் அங்கேதான் அதிகம். அந்தக் குழுக்கள் அதிகம் தப்புச் செய்ததாக அவர் முடிவுக்கு வரவில்லை. பயமில்லாமல் வெளியே சொன்னார்கள் என்று விளக்கினார். 1999-ல் ஒரு உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை வைத்து, இப்படிப் பயமின்றிப் பேசக்கூடிய குழுக்கள் கற்றுக்கொள்வதையும் காட்டினார். அதனால் உங்கள் லைனில் புகாரும் தப்பும் திடீரென்று அதிகமாக வரத் தொடங்கினால் உடனே கவலைப்படாதீர்கள். முன்பும் இருந்தன. இப்போது உங்கள் காதுக்கு வருகின்றன.

படி 11: ஒரு மாதம் கழித்து மறுபடி எண்ணுங்கள்

முதல் வாரத்து நோட்டை எடுங்கள். தெரிந்த நாளுக்கும் சொன்ன நாளுக்கும் நடுவே எத்தனை நாள்? நான்கு இரண்டாகியிருந்தால் ஏதோ நடக்கிறது. அப்படியே இருந்தால் மற்றவர்களை விட்டுவிட்டு உங்கள் முகத்தைக் கவனியுங்கள். எனக்கு நானே கவனித்ததில் தெரியவில்லை. என் உதவியாளரைக் கேட்டேன். கெட்ட சேதி கேட்டால் பேனாவை மேஜையில் வீசுகிறேனாம். இருபது வருடமாக வீசிக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது.

அந்த கட்டிங் மாஸ்டரிடம் நான் பேசியது, சாம்பல் டி-ஷர்ட் விமானம் ஏறி இரண்டு வாரம் கழித்து. தாமதம்தான், தெரியும். அவர் மேஜைக்குப் போய், போன தடவை நான் என்ன சொன்னேன் என்று கேட்டேன். சொன்னார். இங்கே எழுத முடியாது. "தப்புங்க மாஸ்டர்" என்றேன். "விடுங்க சார்" என்றார், விட்ட மாதிரி இல்லை. துணியை மேஜையில் விரிக்கும் முன் உடம்புத் துணியிலும் ரிப்பிலும் ஒரு பிட் வெட்டி, லைட் பாக்ஸுக்குள் (நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் விளக்குப் பெட்டி) வைத்து இருவரும் பார்ப்பது என்று மட்டும் முடிவு செய்தோம். மூன்று மாதம் அவர் பிட்டைக் காட்டினார், வேறு எதுவும் பேசவில்லை.

நான்காவது மாதம் ஒரு நாள் இரவு பத்தே காலுக்குப் போன் அடித்தார். "சார், தூங்கிட்டீங்களா? நாளைக்கு வெட்டற துணியில ஓட்டை வருதுங்க. இப்பத்தான் பார்த்தேன்." எனக்கு வயிறு கலங்கியது. பேனா கையில் இல்லை, நல்லவேளை. எத்தனை ரோல் என்று கேட்டேன்.